இலைவெட்டி எறும்பு: தூளா, புகையா, குருணையா?

பிரேசிலில் யூகலிப்டஸ் நடுபவர்கள் கன்று நடும் முன்பே புற்றுகளைத் தேடிப் போவார்கள். அங்கே சவூவா என்று சொல்லப்படும் இலைவெட்டி எறும்பு, புதிதாக நட்ட கன்றை ஒரே இரவில் மொட்டையடித்துவிடும். வெட்டிய இலையை மண்ணுக்குள் கொண்டுபோய் மென்று, அதில் பூஞ்சை வளர்க்கும். அந்தப் பூஞ்சைதான் குஞ்சுகளுக்குச் சாப்பாடு. ராணி பத்து வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். வெளியே அலையும் எறும்பை எவ்வளவு கொன்றாலும், ராணி சாகாவிட்டால் எல்லாம் வீண்.

ராணிவரை மருந்தைக் கொண்டுபோகத் தூள், புகை, குருணை என்று மூன்று வழிகள். இதில் முதலில் தோற்பது தூள். டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்துத் தூளைக் கைப்பம்பால் துளைக்குள் ஊதுவார்கள். சின்னப் புற்றுக்குச் சரி. பெரிய புற்றின் அறைகள் பல மீட்டர் ஆழத்தில் இருக்கும். ஈர மண்ணில் தூள் வழியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

புகை அப்படியில்லை. கொசுவுக்கு அடிப்பதுபோல, எண்ணெயில் கலந்த மருந்தைச் சூடாக்கித் துளைக்குள் செலுத்துவார்கள். தள்ளியிருக்கும் துளைகளிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பக் கிளம்ப, மண்ணைப் போட்டு மூடிக்கொண்டே வர வேண்டும். மழைக்காலத்திலும் வேலை நடக்கும், எறும்பும் உடனே சாகும். ஆனால் இயந்திரத்தைச் சுமப்பவர்தான் அந்தப் புகையருகே நிற்கிறார். ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு இது ஆகாது.

அப்புறம் குருணை. ஆரஞ்சுச் சக்கை, சோயா எண்ணெய், 0.3 சதவீதம் சல்ஃப்ளூரமிட் என்ற பூச்சிமருந்து கலந்த சின்னத் துண்டுகள். பாதையோரம் வைத்தால் எறும்பே தூக்கிக்கொண்டு உள்ளே போகும். மருந்து மெதுவாக வேலை செய்வதுதான் இதன் பலம்: தூக்கியவை உடனே செத்தால் மற்றவை உஷாராகிவிடும். மழையில் நனைந்தால் வீண். வேறு பூச்சிமருந்தின் வாடை பட்டாலும் எறும்பு சீந்தாது.

என் தேர்வு குருணைதான். ஆனால் ஒரு கவலை இருக்கிறது. சல்ஃப்ளூரமிட் சிதைந்தால் பி.எஃப்.ஓ.எஸ் (PFOS) என்ற நச்சு வேதிப்பொருள் உருவாகும். அது மண்ணிலும் நீரிலும் சுலபத்தில் அழியாது. 2009-இல், எளிதில் அழியாத நச்சுப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பி.எஃப்.ஓ.எஸ்ஸைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது, வேறு சில பயன்பாடுகளோடு இந்தக் குருணைக்கும் விலக்குத் தந்தது. விலக்கு இருக்கிறது என்று காடு முழுக்க இறைப்பது தப்பு. புற்றுகளை எண்ணி, எறும்பு வெளியே தள்ளிய மண் பரப்பை அளந்து, சதுர மீட்டருக்கு 6 முதல் 10 கிராம் என்று வைத்தால் போதும்.

பூச்சியைக் கொல்லும் பூஞ்சைகளையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். எறும்புகள் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்து அவற்றை அகற்றிவிடுகின்றன. அதைவிட, வரிசைகளுக்கு நடுவே இயல்பாக முளைக்கும் செடிகொடிகளை விட்டுவைப்பது நல்லது. அங்கே தங்கும் பறவைகள், முதல் மழைக்குப் பறந்து இறங்கும் இளம் ராணிகளைப் புற்றுத் தோண்டும் முன்பே கொத்திவிடும்.