ஓணான் குஞ்சுக்கு மேக்ரோ லென்ஸா, எக்ஸ்டென்ஷன் டியூபா?

பெங்களூர் அல்சூர் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஓணான் குஞ்சு ஒன்று வந்ததிலிருந்து, அதை நெருக்கத்தில் படமெடுக்க எது நல்லது என்று இதே யோசனைதான். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் டியூப் மலிவு, உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் குழாய். 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 50 மி.மீ. டியூப் மாட்டினால் 1:1 உருப்பெருக்கம், அதாவது கேமரா சென்சாரில் நிஜ அளவிலேயே பிம்பம், கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், லென்ஸ் முனை குஞ்சின் மூக்கருகே போய் நிற்கும். அப்புறம் அது ஏன் அங்கே இருக்கப்போகிறது? தூரத்துக் காட்சிக்கும் ஃபோகஸ் ஆகாது.

நெருக்கப் படத்துக்கென்றே செய்த 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் அதே 1:1-ஐ அரைச்சாணுக்கு மேல் தள்ளி நின்று எடுக்கும். நம் நிழலும் அதன் மேல் விழாது. விலைதான் கடிக்கும். பெங்களூரில் வாடகைக்குக் கிடைக்கிறது, நானும் அப்படித்தான் எடுத்தேன். வெளிச்ச இழப்பு இரண்டிலும் உண்டு. கண் துல்லியமாக இருந்தால் வால் மங்கும், அதுவும் இரண்டிலும்தான். அசையாத முட்டை ஓட்டுக்கு டியூப் போதும்.