லூபஸ் உள்ளவருக்குக் கல்லீரல் ஸ்கேன்: சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு நல்ல சென்டர்

என் தங்கச்சிக்கு லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் ஏறியிருந்ததால் டாக்டர் வயிற்று ஸ்கேனும், கல்லீரல் இறுகியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றோடு ஏற்காட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வருகிறோம் என்று போனில் சொன்னதும், காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா மருந்துச் சீட்டைப் படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். ஸ்டீராய்டால் கல்லீரலில் கொழுப்பு சேரலாமாம். ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி இருப்பவர்களுக்குக் கல்லீரல் சிரைகளில் ரத்தம் உறைந்து அடைக்கவும் கூடுமாம். அதனால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் ஒவ்வொரு ரத்தக் குழாயாகக் காட்டினார். திரையில் சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் தங்கச்சி முகம் தெளிந்தது.

ஃபைப்ரோஸ்கேன் வலிக்காது. விலா எலும்புகளுக்கு நடுவே விரலால் சுண்டுவது போலப் பத்துத் தடவையாவது தட்டும். கல்லீரலின் இறுக்கம் கிலோபாஸ்கலில் வரும்.

என்சைம் ஏறியதற்கு லூபஸ்தான் காரணமா, எதிர்ப்பு சக்தி கல்லீரலையே குறிவைத்துத் தாக்கும் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸா என்று ஸ்கேனால் பிரித்துச் சொல்ல முடியாது, கல்லீரலிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி தேவைப்படலாம் என்று மறைக்காமல் சொன்னார். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

ஒரே குறை, ஹாலில் ஏசி அதிகம். குளிர்பட்டால் தங்கச்சிக்கு விரல் நுனி வெளுத்துவிடும். சொன்னால் குறைக்கிறார்கள், இருந்தாலும் சால்வை எடுத்துப் போங்கள், பழைய ரிப்போர்ட்டுகளையும் சேர்த்து.