தல்மூது படிக்க எந்த அகராதி: யாஸ்ட்ரோவா, சோகோலோஃபா?

பாபிலோனியத் தல்மூதை, அதாவது யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பை, படிக்கத் தொடங்குபவர்களுக்கு வரும் முதல் குழப்பம் இது. இரண்டும் தொகுத்தவர் பெயராலேயே அழைக்கப்படும் அகராதிகள், பொருள் ஆங்கிலத்தில் இருக்கும்.

விலை: யாஸ்ட்ரோ 1903-இல் முடிந்த பழைய அகராதி. காப்புரிமை போய்விட்டது, செஃபாரியா தளத்தில் இலவசம்.
சோகோலோஃப் 2002-இல் வந்தது. தடித்த புத்தகம், விலையும் கனம்.

பரப்பு: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பாவா மெட்சியா என்ற பகுதியின் முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் ஒரே மேலாடையைப் பிடித்துக்கொண்டு, 'நான்தான் கண்டெடுத்தேன்' என்று வழக்காடுகிறார்கள். அந்த வரி மிஷ்னா, அதாவது தல்மூதின் அடிப்படைச் சட்டநூல்; அதன் மொழி எபிரேயம். அடுத்து வரும் கெமாரா, அதாவது மிஷ்னா மீதான விவாதம், பெரும்பாலும் எபிரேயத்தின் உறவுமொழியான அரமேயம். யாஸ்ட்ரோவில் இரண்டு மொழிகளும் உண்டு. தர்கூம் (யூத வேதத்தின் அரமேய மொழிபெயர்ப்பு), மித்ராஷ் (வேத விளக்க நூல்கள்) சொற்களும் கிடைக்கும். சோகோலோஃபின் இந்த அகராதி பாபிலோனிய யூத அரமேயத்துக்கு மட்டும்தான். மேலாடை வரிக்கு அதைப் புரட்டினால் ஏமாற்றம்தான்.

நம்பகம்: சோகோலோஃப் கையெழுத்துப் படிகளைப் பார்த்து எழுதியவர், பேய் விரட்ட வைத்த மந்திரக் கிண்ணங்களில் எழுதிய வாசகங்களைக்கூட விடவில்லை. யாஸ்ட்ரோவுக்கு ஒரு பழக்கம்: கிரேக்கத்திலிருந்து வந்த சொல்லுக்கும் செமிட்டிய வேர் தேடுவார். பொருள் விளக்கம் பெரும்பாலும் சரி, சொற்பிறப்பை மட்டும் அப்படியே நம்பவேண்டாம்.

எளிமை: இரண்டுக்கும் ஆங்கிலம் வேண்டும். யாஸ்ட்ரோ தலைச்சொற்களுக்கு உயிர்க்குறி (உயிரொலியைக் காட்டும் புள்ளி, கோடுகள்) இடுவதால் வாசிக்கத் தடுமாற்றம் குறைவு.

தினம் ஒரு பக்கம் படிப்பவருக்கு யாஸ்ட்ரோ போதும். ஆய்வேடு எழுதுபவர், அரமேய இலக்கணத்தில் இறங்குபவர் சோகோலோஃபை நூலகத்திலாவது பார்த்தே ஆகவேண்டும். அப்போதும் எபிரேயச் சொல்லுக்கு யாஸ்ட்ரோ பக்கத்தில் இருக்கட்டும்.