பால் சங்கத்தில் எட்டு வருடம்: பிரச்சினை வந்தால் எப்படித் தீர்க்கிறார்கள்?

இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தனுக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நான் சேர்ந்து எட்டு வருடம். இரண்டு மாட்டோடு தொடங்கினேன், இப்போது ஐந்து. சேர நினைப்பவர்கள் பால் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் பிணக்கு வந்தால் என்ன நடக்கும் என்று கேட்பவர் குறைவு.

காலையில் ஒருவர் அளப்பார், ஒருவர் கொப்பியில் எழுதுவார், முறை வைத்து ஓர் உறுப்பினர் பக்கத்தில் நின்று பார்ப்பார். லீற்றரையும், பாலின் அடர்த்தியைப் பார்க்கும் பால்மானி காட்டும் எண்ணையும் எல்லாருக்கும் கேட்கச் சொல்வார்கள். முதல் மாதம் எனக்கு அது கூச்சமாக இருந்தது.

மூன்றாம் வருடம் அயலில் ஓர் அக்காவின் பால் தொடர்ந்து மூன்று நாள் 26 காட்டியது. நல்ல பசுப்பால் 28க்குக் குறையாது. "தண்ணி கலந்திருக்கு" என்று வரிசையில் நின்ற ஒருவர் சொல்லிவிட்டார். அக்கா வாளியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டா.

மறுநாள் விடிய முன்னமே நிர்வாக சபையில் இரண்டு பேர், குற்றம் சொன்னவர், முறைக்காரியாக நான், நாலு பேரும் அவ வளவுக்குப் போனோம். எங்கள் கண்முன்னே கறந்தா. உடனே அளந்தால் அதே 26. நுரை அடங்கி, சூடு ஆறும்வரை காத்திருந்து அளந்தோம். 28! பால் நிலையம் அவவுக்கு அடுத்த வேலி. கறந்த சூட்டோடு கொண்டுவந்திருக்கிறா. சூடான பாலில் பால்மானி தாழ்ந்து எண் குறையத்தான் செய்யும்.

"பிழையாச் சொல்லிட்டன் அக்கா" என்றார் அவர்.

"வரிசையிலை சொன்னதை வரிசையிலை வந்து சொல்லு தம்பி."

அடுத்த நாள் வரிசையில் சொன்னார். அந்தக் கிழமையே சங்கம் ஒரு வெப்பமானி வாங்கியது. அப்புறம் சூடு பார்க்காமல் யாருடைய பாலையும் அளப்பதில்லை.

சங்கம் உறுப்பினருக்குக் கொடுக்கும் கடன் விஷயத்தில் மட்டும் எனக்குத் திருப்தி இல்லை. பிணை நிற்பது பெரும்பாலும் சொந்தக்காரர். மச்சானிடம் தவணைக் காசு கேட்க யாருக்கு வாய் வரும்? ஒரு கடன் ஊருக்குள் பேசித் தீரவில்லை. 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி அது கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளரிடம் போனது. அவர் தானே தீர்க்கலாம், நடுத்தீர்ப்பாளரிடமும் விடலாம். எங்கள் சங்கத்துக் கடதாசிகள் ஒழுங்காக இல்லாததால் ஒன்றரை வருடம் இழுபட்டது. அந்த இரண்டு குடும்பமும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நெருங்கிய உறவினர் பிணை நிற்கக்கூடாது என்று போன வருடப் பொதுக்கூட்டத்தில் பிரேரணை வைத்தேன். தோற்றது. இந்த வருடமும் வைக்கிறேன். வழிமொழிய அந்த அக்கா சம்மதித்திருக்கிறா.