மூக்கு ஸ்ப்ரே மூணு மாசம் அடிச்ச அனுபவம் (5க்கு 4)

ஃப்ளூட்டிகசோன் ஃபுரோயேட் ஸ்ப்ரே, ஒரு பஃப்புக்கு 27.5 மைக்ரோகிராம், பாட்டில்ல 120 பஃப். தூசி அலர்ஜிக்கு டாக்டர் எழுதிக்குடுத்தது. மொத வாரமே ரிவ்யூ எழுதியிருந்தா காசு தண்டம்னுதான் போட்டிருப்பேன், நல்லவேளை எழுதல.

என் பிரச்சனை என்னன்னா, காலைல பரண்ல இருந்து பழைய தலகாணி, பாய்னு எதையாவது எறக்கினா பத்தே நிமிஷத்துல தும்மல் ஆரம்பிச்சிரும், வரிசையா இருபது, மூக்குல தண்ணியா ஊத்தும். செட்ரிசின்னு ஒரு அலர்ஜி மாத்திரை போட்டா அடங்கிடும். அப்பாடான்னு இருந்தா சாயங்காலம் ஒரு பொட்டு தூசி இல்லாமலே ரெண்டு பக்கமும் கல்லு வச்ச மாதிரி அடைச்சிக்கும், ராத்திரி பூரா வாயாலதான் மூச்சு. மாத்திரைதான் சரியில்லையோன்னு கம்பெனி கூட மாத்திப் பாத்தேன், ம்ஹூம்.

டாக்டர் சொன்னப்பதான் தெரிஞ்சுது, காலைல நடக்குறது வேற, சாயங்காலம் நடக்குறது வேறயாம். தூசிப்பூச்சி சமாச்சாரம் பட்டதும் மூக்குக்குள்ள இருக்குற மாஸ்ட் செல்லுங்கிற காவக்கார செல், கையில ரெடியா வச்சிருக்குற ஹிஸ்டமின்ங்கிற ரசாயனத்தை கொட்டிடுது, அதான் அந்த தும்மலும் தண்ணியும். செட்ரிசின் அந்த ஹிஸ்டமின் வந்து உக்கார்ற எடத்துல முன்னாடியே துண்டு போட்டு வைக்குது, அவ்ளோதான் அதோட வேலை. ஆனா அதே மாஸ்ட் செல் லூக்கோட்ரைன், ப்ராஸ்டாகிளாண்டின்னு வேற சரக்கும் தயார் பண்ணி விடுது, அக்கம்பக்கத்து செல்லெல்லாம் இயோடாக்சின்னு ஒண்ணு விடுது, இன்டர்லூக்கின்-5ங்கிற சேதி சொல்ற புரதம் எலும்பு மஜ்ஜை வரைக்கும் போய் ஆளை கெளப்பிவிடுது. எல்லாம் சேந்து வெத்தலபாக்கு வச்சு அழைக்கிறது இயோசினோஃபில்ங்கிற வெள்ளை அணுவை. ரத்தக்குழாய் உள்சுவர்ல ஒட்டுற மாதிரி புரதம் முளைக்குமாம், ரத்தத்தோட உருண்டு வர்ற அணு அதுல மாட்டி நின்னு, சுவத்து சந்துல நுழைஞ்சு வெளிய வந்து, இயோடாக்சின் எந்தப்பக்கம் அதிகமோ அந்தப்பக்கமா ஊர்ந்து போகுமாம். இவ்வளவும் நடக்க நாலுல இருந்து எட்டு மணி நேரம் ஆகும். காலைல தூசி, சாயங்காலம் அடைப்பு, கணக்கு சரியா வருதா! வந்ததும் சும்மா இருக்காது, கொண்டு வந்த புரதத்தை கொட்டி சவ்வை புண்ணாக்கிரும், மறுநாள் ஊதுபத்திக்கே தும்முவோம்.

இந்த ஸ்ப்ரே ஸ்டீராய்டு. செல்லுக்குள்ள போய் அந்த அழைப்பு சரக்கு தயாராகுறதையே கொறைக்குது. அதனாலதான் அடிச்ச உடனே ஒண்ணும் தெரியாது, எனக்கு ஒன்பதாவது நாள் ராத்திரிதான் வாய மூடி தூங்கினேன்.

இதுக்கு முன்னாடி ஒரு மெடிக்கல் ஷாப்ல மூக்கடைப்புக்கு இதான்னு ஆக்ஸிமெட்டாசோலின் ட்ராப்ஸ் குடுத்தாங்க, ஒரே நிமிஷத்துல தெறக்கும் பாருங்க, சூப்பர்னு பன்னெண்டு நாள் விட்டேன், அப்புறம் அது இல்லாம மூக்கே தெறக்கல. அட்டையிலயே சில நாளைக்கு மேல வேணாம்னு போட்டிருந்துது, நான்தான் படிக்கல. மான்டெலுகாஸ்ட் மாத்திரையும் போட்டேன், அது லூக்கோட்ரைனை மட்டும் தடுக்கும், எனக்கு கண்ட கண்ட கனவா வந்துது, டாக்டர் நிறுத்திட்டார். அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2020ல அதுக்கு மனநிலை சம்பந்தமா கடுமையான எச்சரிக்கை போட்டிருக்கு.

புது பாட்டில்னா நல்லா ஆட்டி காத்துல ஆறு தடவை அடிச்சுட்டு ஆரம்பிங்க. இடது மூக்குக்கு வலது கை, முனை காது பக்கம் பாக்கணும். நான் நடு எலும்பை பாத்து அடிச்சு ரெண்டு நாள் கர்ச்சீஃப்ல ரத்தப் பொட்டு. வாசனை இல்ல, அக்கா அடிக்கிற ஃப்ளூட்டிகசோன் ப்ரோப்பியோனேட் வகையில ரோஸ் வாசனை வரும், எனக்கு குமட்டும்.

ஒரு ஸ்டார் கொறைச்சது விலைக்காக. ஆரம்பத்துல பக்கத்துக்கு ரெண்டு பஃப், பாட்டில் ஒரு மாசத்துல காலி. இப்ப டாக்டர் பக்கத்துக்கு ஒண்ணா கொறைச்சிட்டாரு, ரெண்டு மாசம் ஓடுது. பரண் ஏறுற அன்னிக்கு மட்டும் செட்ரிசினும் உண்டு.