ஓய்வுக்குப் பிறகு: பழைய நாற்காலியா, தேனீப் பெட்டியா, பழைய சொத்து ஆதாரமா?

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கம் கேரள அரசின் பழைய பென்ஷன் திட்டத்துக்காரர் 56-ல் ஓய்வு பெறுகிறார்; தமிழக அரசு ஊழியர், 2021 முதல், 60-ல். நாலு வருஷம் முன்பின் ஆனாலும் குறை ஒன்றுதான்: காலை ஒன்பதரைக்கு யாரும் தேடி வருவதில்லை. அதனால் புது வேலையை எடைபோட வேண்டியது சம்பளத்தை வைத்தல்ல, நம்மை யார் எதிர்பார்த்திருப்பார்கள் என்பதை வைத்து.

பழைய துறையிலேயே ஒப்பந்த வேலை சுலபம். ஆனால் கையெழுத்து அதிகாரம் இருக்காது, ஒப்பந்தம் முடிந்ததும் அதே வெறுமை. கடன் பாக்கி இருந்தால் மட்டும் போகலாம்.

மார்த்தாண்டம் வட்டாரத்துக்குப் பழகிய தொழில் தேனீ. இரண்டு பெட்டி போதும், பத்தில் தொடங்கினால் ஒரே மழைக்காலத்தில் வெறுத்துப்போகும். நியூட்டன் வகைத் தேனீப் பெட்டியின் புழு அறையில், அதாவது முட்டையும் புழுவும் வளரும் பகுதியில், அடை கட்ட ஏழு சட்டங்கள். வாரம் ஒருமுறை திறந்து, அடையின் கீழ்விளிம்பில் புது ராணி வளரும் அறை தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கவனிக்காவிட்டால் கூட்டம் பிரிந்து பறந்துவிடும். எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்கள். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இலையுதிர்வுக்குப் பின் துளிர்க்கும் தளிரின் காம்பு நுனியில் சுரப்பது. பிப்ரவரி, மார்ச்தான் அறுவடை. அடையின் பெரும்பாலான கண்கள் மெழுகால் மூடும்முன் எடுத்தால் தேன் புளிக்கும். மழையில் பட்டினி வரும்; ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று பாகு கரைத்து மாலையில் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் பக்கத்துக் கூட்டம் கொள்ளையடிக்கும். கொட்டினால் மூச்சுத் திணறும் உடம்புக்காரர் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

மலையாளம் வாசிக்கத் தெரிந்தவருக்கு மூன்றாவது வழிதான் எங்கள் தேர்வு: பழைய ஆதாரங்களை, அதாவது சொத்துப் பத்திரங்களை, வாசித்துச் சொல்வது. விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அதற்கு முந்தைய ஆதாரங்கள் பலவும் மலையாளத்தில் இருக்கின்றன, பேரப்பிள்ளைகளுக்கோ எழுத்துத் தெரியாது. இங்கே வழுக்குவது சொற்களில்தான். மலையாள ஆதாரத்தில் 'நிலம்' என்றால் நெல்வயல். தோட்டமும் வீட்டுமனையும் 'புரயிடம்'. தமிழ்ப் பொருளில் படித்தால் சொத்தின் தன்மையே மாறிவிடும். ஆதாரத்தில் இருக்கும் கொல்லம் ஆண்டை, அதாவது மலையாள ஆண்டை, ஆங்கில ஆண்டாக்க அதோடு சிங்ஙம் (ஆவணி) முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) வரை 825 கூட்ட வேண்டும். 1110 மகரம் (தை) என்றால் 1935. ஒன்று குறைத்துக் கூட்டினால் பதிவகத்தில் தவறான வருஷத்துப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.

பெட்டிக்குத் தப்பாமல் வாரம் ஒருநாள் வேண்டும், வெளியூர்ப் பயணம் கெடும், ஆதாரம் காத்திருக்கும். ஆனால் மனிதர்களிடம் பேசிப் பேசிச் சலித்தவருக்குத் தேனீயே மேல், அதற்கு நம் பழைய பதவி தெரியாது. ஆதாரம் வாசிப்பவர் உரிமை யாருக்கு என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது, அது வக்கீல் வேலை. குறிப்பெல்லாம் நகலில், பென்சிலில். மூலத்தை மடிப்பு கிழியாமல் அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.