பயர் டிரில் நடத்திக் கொடுக்கும் நிறுவனம்: கூப்பிடலாமா?

அலுவலகத்தில் அட்மின் வேலை பார்ப்பதால் இந்த மாதிரி ஆட்களைத் தேடிப் பிடிப்பதும் என் தலையில்தான். நாங்கள் அழைத்தது தீ ஒத்திகை நடத்தி, பார்த்ததை அறிக்கையாகவும் தரும் ஒரு சிறிய நிறுவனம். பெயர் வேண்டாம். ஒத்திகையை விட, அது முடிந்த பிறகு இவர்கள் நடத்திய பேச்சுக்குத்தான் கொடுத்த காசு தகும். ஆனால் அறிக்கையில் சொதப்பினார்கள்.

தீயணைப்பான் பயிற்சி வழக்கமானதுதான். பின்னை இழு, தீயின் அடியைப் பார்த்துப் பிடி, அழுத்து, இடம் வலமாக வீசு. சர்வர் அறைக்குப் பவுடர் வேண்டாம், அது இயந்திரங்களுக்குள் படிந்து கெடுத்துவிடும், கார்பன் டை ஆக்சைடு போதும் என்றார்கள். அதை அடிக்கும்போது முனைக் குழாய் கடுங்குளிராகிவிடும், வெறுங்கையால் பிடிக்காதீர்கள் என்று எச்சரித்ததும் நல்லது.

ஒத்திகையில் ஒரு வேலை செய்தார்கள். யாரிடமும் சொல்லாமல் கிழக்குப் படிக்கட்டின் நடுவே 'இங்கே புகை' என்று எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு, பக்கத்தில் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு நின்றார். இறங்கி வந்த கூட்டம் அட்டையைப் பார்த்ததும் நின்றது. பின்னால் வந்தவர்கள் முட்டினார்கள். ஒருவர் குனிந்து அட்டைக்கு அடியில் புகுந்து போய்விட்டார். அவருக்குப் பின்னால் வரிசையாக எல்லோரும்! மேற்குப் படிக்கட்டுக்குத் திரும்பலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தினமும் வருகிற வழியில்தான் கால் போகிறது. இதை எந்த வகுப்பில் சொன்னாலும் எங்கள் ஆட்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் கீழே கூடுமிடத்தில், வெயில் தணியும் வரைகூடக் காத்திருக்காமல், எல்லோரையும் நிற்கவைத்தே பேச்சைத் தொடங்கினார் அவர்களின் பயிற்சியாளர். மேலதிகாரிகள் கடைசியில்தான் பேச வேண்டும், ஆளைக் குறை சொல்லக் கூடாது, நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்றார். முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு துப்புரவு வேலை பார்க்கும் அக்கா, "அந்தப் பின்கதவுக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பூட்டுப் போட்டுடுவாங்க சார், சாவி யார்கிட்ட இருக்குன்னே தெரியாது" என்றார். அங்கிருந்து மடை திறந்தது. கதவைச் சாத்தி ஏ.சி. போட்டால் அக்கவுன்ட்ஸ் அறைக்குள் அலாரம் கேட்பதே இல்லை. வருகைப் பட்டியல் கணினிக்குள் இருக்கிறது, வெளியில் நின்று எதை வைத்துத் தலை எண்ணுவது? வந்த விருந்தினர்களின் பதிவேடு ரிசப்ஷன் மேசையிலேயே கிடந்தது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்த சக ஊழியர், "லிஃப்ட் இல்லாம நான் எப்படி இறங்கறது, அதை யாராவது யோசிச்சீங்களா?" என்று கேட்டார். படிக்கட்டில் இறக்குவதற்கென்றே வரும் நாற்காலியைப் பற்றி அப்போதுதான் பேச்சு வந்தது.

இவ்வளவையும் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் அனுப்பிய அறிக்கையைப் பார்த்தால் எரிச்சல்தான். அதுவும் இரண்டு முறை போன் செய்த பிறகு வந்தது. எங்களிடம் இல்லாத கொதிகலனுக்கு ஒரு பக்கம். எந்தத் தொழிற்சாலைக்கு எழுதியதோ! பரிந்துரையில் 'விழிப்புணர்வை மேம்படுத்த வேண்டும்' என்று இருக்கிறது. சரி, யார், எப்போது, எப்படி? பின்கதவுப் பூட்டு அதில் ஒரு வரிகூட வரவில்லை.

அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா வகுத்த முறையில் ஒத்திகை அறிக்கையோடு மேம்பாட்டுத் திட்டமும் சேர்ந்தே இருக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பொறுப்பாளரும் கெடுவும் உண்டு. அதே நாட்டில்தான் 2004 ஜூலையில் நியூ ஆர்லியன்ஸைப் புயல் தாக்கினால் என்ன செய்வது என்று 'ஹரிகேன் பாம்' என்ற பெயரில் ஒத்திகை பார்த்தார்கள். அதன் தொடர்வேலைகள் முடியாமல் கிடக்கும்போதே 2005 ஆகஸ்ட்டில் கத்ரீனா புயல் நிஜமாகவே வந்துவிட்டது.

எனவே அறிக்கையைத் திருப்பி அனுப்பினேன். அவர்கள் சண்டை போடவில்லை, அது பெரிய விஷயம். பயிற்சியாளரே வந்து உட்கார்ந்து, கூடுமிடத்தில் பேசியதை எங்களோடு சேர்ந்து அட்டவணையாக்கினார்: குறை, செய்ய வேண்டியது, பொறுப்பு, நாள், முடிந்ததை எப்படிச் சரிபார்ப்பது. பின்கதவுக்கு உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் பூட்டு மாட்டியாகிவிட்டது. அச்சிட்ட வருகைப் பட்டியலும் விருந்தினர் பதிவேடும் செக்யூரிட்டி அண்ணனின் பொறுப்பு. அக்கவுன்ட்ஸ் அறைக்குத் தனி அலாரம் வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து கேட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன். நாற்காலி மட்டும் இன்னும் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.

கூப்பிடலாமா என்றால், கூப்பிடலாம். ஆனால் வேலை கொடுக்கும்போதே இந்த அட்டவணையும், திருத்தங்களைச் சரிபார்க்க இன்னொரு வருகையும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மாதிரி அறிக்கை ஒன்றை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிடுங்கள். அடுத்த ஒத்திகையை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.